சங்குல செதுக்குன முகம், வெள்ளியில புதுக் கட்டு: வாசகர் கேள்வி-பதில்

பழைய ப்ரூச்லேருந்து (துணியில குத்திக்கற ஊசி நகை) கழண்டு தனியா நிக்கிற சங்கு கேமியோவ, அதாவது சங்குல முகம் புடைப்பா செதுக்குன துண்ட, கையால செஞ்ச வெள்ளியில திரும்பக் கட்டி பென்டன்டாவோ ப்ரூச்சாவோ போட்டுக்கலாம்னு போன இதழ்ல நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விங்க எக்கச்சக்கம். ஒரே மாதிரி இருந்தத எல்லாம் சேர்த்து ஒண்ணாக்கிட்டேன். பேர் போட வேணாம்னு சிலர் கேட்டுக்கிட்டதால யார் பேரையும் போடல.

கேள்வி: அக்கா, பாட்டி பெட்டியில ஒரு ஓவல் துண்டு கிடைச்சுது, பிரவுன் கலர் மேல வெள்ளையா ஒரு பொண்ணோட முகம். சுத்தி உலோகச் சட்டம் எதுவும் இல்ல. இது நெஜமாவே சங்கா இல்ல பிளாஸ்டிக்கா, எப்படி கண்டுபிடிக்கறது?

பதில்: முதல்ல திருப்பிப் பின்பக்கத்த பாருங்க, எல்லாரும் முகத்தையே பார்த்துட்டு இருப்பாங்க ஆனா உண்மைய சொல்றது முதுகுதான். சங்கு உருண்டையான பொருள், அதுலேருந்து வெட்டி எடுத்த துண்டும் லேசா வளைஞ்சுதான் இருக்கும், பின்னாடி விரல வச்சா மெல்லிசா ஒரு குழிவு தெரியும். பிளாஸ்டிக்க அச்சுல ஊத்துறாங்க, அதனால முதுகு பெரும்பாலும் சப்பையா இருக்கும், ஓரத்துல அச்சு சேர்ந்த கோடு கூட சிலதுல தெரியும்.

அடுத்தது ஜன்னல் வெளிச்சத்துலயோ போன் டார்ச் முன்னாடியோ தூக்கிப் பிடிங்க. சங்கு வெளிச்சத்த விடும், பின்னாடிலேருந்து பார்த்தா அந்த முகம் நிழல் மாதிரி தெரியும், கூடவே முடி மாதிரி மெல்லிசு கோடுங்களும் ஒண்ணு ரெண்டு தெரியலாம். அப்புறம் 10 மடங்கு பெருசாக்கிக் காட்டுற லென்ஸ் ஒண்ணு வாங்கி முடியோட சுருள பாருங்க. கையால செதுக்குனதுல உளி போன தடம் தெரியும், ஒரு சுருள் ஆழமா ஒண்ணு மேலாப்புல, ஓரமெல்லாம் கூர்மையா இருக்கும். அச்சுல வந்ததுல எல்லா ஓரமும் மழமழன்னு உருண்டு இருக்கும், சின்னச் சின்ன காத்துக் குழி இருக்கும். பல்லுல மெதுவா தட்டிப் பார்த்தா சங்கு ஜில்லுனு கெட்டியா இருக்கும், பிளாஸ்டிக் மொத்தையா இருக்கும்.

மூணாவது ஒரு வகை இருக்கு, அதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சங்கு நெஜம், செதுக்குனது மெஷின். மெஷின்ல ஒரே டிசைன நூத்துக்கணக்குல செதுக்குறாங்க, வெள்ளைப் பகுதி முழுக்க ஒரே சீரா இருக்கும். அதுவும் நகைதான், தப்பில்ல, ஆனா அத ஆன்டிக்னு காசு குடுத்து வாங்காதீங்க.

சூடான ஊசிய குத்திப் பாரு, ஆசிட் ஒரு சொட்டு விடுன்னு யாராவது சொன்னா அந்தப் பேச்ச அங்கேயே நிறுத்திருங்க. சோதனை முடியும்போது பொருளும் முடிஞ்சிரும்.

கேள்வி: பழைய மார்க்கெட்லயும் ஆன்லைன்லயும் சட்டம் இல்லாத கேமியோவே இவ்ளோ வருதே, எல்லாம் எப்படி கழண்டுச்சு?

பதில்: கழண்டதில்ல, கழட்டினது. பத்தொன்பதாம் நூற்றாண்டு கேமியோ நிறைய தங்கச் சட்டத்துல இருந்துச்சு, தங்க விலை ஏறும்போதெல்லாம் சட்டம் உருக்கப் போயிரும், சங்குக்கு உருக்குற விலை கிடையாதே, அது டப்பாவுல தங்கிரும். சிலதுக்கு பின்ச்பெக் சட்டம், லண்டன்ல 1700கள்ல கிறிஸ்டோபர் பின்ச்பெக்னு ஒரு வாட்ச் மேக்கர் செம்பையும் துத்தநாகத்தையும் கலந்து தங்கம் மாதிரி ஒரு உலோகம் கொண்டு வந்தார், அந்த மாதிரி மலிவுச் சட்டம் உடைஞ்சா யாரும் ரிப்பேர் பண்ணல. இப்படி சட்டத்த இழந்த துண்டுகளத்தான் வெள்ளியில கட்டச் சொல்றேன்.

கேள்வி: என்கிட்ட இருக்கற கேமியோவுல பொண்ணு தலையில திராட்சை இலை, கொத்து எல்லாம் இருக்கு. யார் இவங்க? எந்தக் காலம்னு சொல்ல முடியுமா?

பதில்: அந்த அம்மா பக்காந்தே, மது தெய்வம் டயோனிசஸ் பின்னாடி ஆடிப் பாடிட்டுப் போற கூட்டத்துல ஒருத்தி. கேமியோவுல யாருன்னு கண்டுபிடிக்கறது ஒரு ஜாலியான வேலை, முகத்த பார்க்காதீங்க, தலையில என்ன இருக்கு கையில என்ன இருக்குன்னு பாருங்க. நெத்திக்கு மேல பிறை இருந்தா டயானா. பாம்பும் சின்ன ரெக்கையும் இருந்தா மெடூசா. ஹெல்மெட் போட்ட பொண்ணுன்னா அதீனா. பட்டாம்பூச்சி ரெக்கைன்னா சைக்கி. ஒரு பொண்ணு கழுகுக்குக் கிண்ணத்துல குடிக்கக் குடுத்தா அது ஹீபி, கழுகு வேற யாரும் இல்ல, ஜீயஸ். கிணத்தடியில குடத்தோட நிக்கிறவங்க பைபிள்ல வர்ற ரெபேக்கா.

இன்னொரு அழகான ஜோடி இருக்கு. ஒண்ணுல ரெக்கை வச்ச ஒரு அம்மா ரெண்டு குழந்தைய அணைச்சு தூக்கிட்டு கண்ண மூடிப் பறப்பாங்க, பின்னாடி ஒரு ஆந்தை, இன்னொண்ணுல குழந்தை கையில தீப்பந்தம், அம்மா பூவ தூவிட்டுப் போவாங்க. டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன் 1815ல செஞ்ச 'இரவு', 'பகல்' ரெண்டு வட்டப் புடைப்புச் சிற்பத்த பார்த்து சங்குல செதுக்குனது இது. அதனால இந்த உருவம் இருந்தா 1815க்கு முன்னாடி இருக்க வாய்ப்பே இல்லன்னு உறுதியா சொல்லிரலாம்.

மத்தபடி காலத்த சொல்றதுக்கு மூக்கு ஒரு குறிப்பு குடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவுல வந்ததுல நெத்தியிலேருந்து நேரா இறங்குற கிரேக்க மூக்கு, பிற்பாடு வந்ததுல நுனி தூக்குன அழகுப் பொண்ணு மூக்கு, பேரே இல்லாத யாரோ ஒரு பொண்ணு. இத வச்சு மட்டும் அடிச்சு சொல்லிர முடியாது, ஒரு பக்கம் சாயும் அவ்ளோதான். சட்டம் இருந்தா கொக்கி, ஊசி கீல் இதெல்லாம் பார்த்து இன்னும் நெருங்கலாம், சட்டம் போனதோட அந்த சாட்சியும் போயிருச்சு. பின்பக்கம் கீறுன கையெழுத்து இருக்கான்னு மட்டும் ஒரு தடவ சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, ரோம்ல தொம்மாசோ சவுலினி (1793-1864), அவர் மகன் லூயிஜி சவுலினி மாதிரி பெரிய கைங்க கையெழுத்து போட்டிருக்காங்க. பெரும்பாலானதுல இருக்காது. நேப்பிள்ஸ் பக்கத்துல வெசுவியஸ் எரிமலை அடிவாரத்துல தோர்ரே தெல் கிரேக்கோன்னு ஒரு ஊர், பவளமும் கேமியோவும்தான் அந்த ஊர் பொழப்பு, 1878ல இதுக்குன்னே ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, அங்க பட்டறையில உக்காந்து செதுக்குன ஆளுங்க பேரு பெரும்பாலும் முதுகுல இல்ல.

கேள்வி: ஒண்ணு பிரவுன்-வெள்ளை, ஒண்ணு ஆரஞ்சு-வெள்ளை, ஒண்ணு பிங்க். எல்லாம் ஒரே சங்கா? பிங்க் வெளுத்துட்டே போகுதே?

பதில்: மூணும் வேற வேற. கரும்பிரவுன் மேல வெள்ளைன்னா பெரும்பாலும் காசிஸ் மடகாஸ்கரியென்சிஸ்ங்கற பெரிய ஹெல்மெட் சங்கு, பேருல மடகாஸ்கர் இருக்கே ஒழிய அது வாழறது கரீபியன் பக்கம். ஆரஞ்சு சிவப்பு மேல வெள்ளைன்னா சைப்ரேகாசிஸ் ரூஃபா, கிழக்கு ஆப்பிரிக்கக் கடல்லேருந்து வந்தது. பிங்க்னா குயின் காங்க்ங்கற சங்கு, அதோட நிறம் வெயில்ல வெளுக்கும், அது அந்தச் சங்கோட சுபாவம், திரும்ப வராது, இருட்டுல வச்சு இருக்கறத காப்பாத்துங்க. குயின் காங்க் 1992லேருந்து, காட்டு உயிர்கள நாடு தாண்டி விக்கிறத கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, அதனால பழசோ புதுசோ நாடு தாண்டி அனுப்புறதுக்கு முன்னாடி என்ன பேப்பர் வேணும்னு விசாரிச்சுட்டு அனுப்புங்க.

கேள்வி: வெள்ளி வேலை ஓரளவு கத்துக்கிட்டேன், அகேட் கல்லுக்கு பெசல் (கல்ல சுத்திப் பிடிக்கிற உலோகப் பட்டி) கட்டியிருக்கேன். கேமியோவுக்கும் அதே மாதிரி கட்டலாமா? முதல் கேமியோவே ஓரத்துல டிக்குனு விரிஞ்சிருச்சு.

பதில்: அதே மாதிரி கட்டுனதுதான் பிரச்சனை. கடினத்த அளக்குற மோஸ் அளவுல அகேட் 6.5, 7 வரும், நீங்க என்ன அமுக்கு அமுக்குனாலும் தாங்கும். சங்கு கால்சியம் கார்பனேட், 3, 3.5 தான், அதுலயும் செதுக்குன துண்டோட ஓரம் ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். இங்க வெள்ளிதான் வளைஞ்சு குடுக்கணும், சங்க வளைக்க முடியாது.

முதல் விஷயம், கேமியோவ ஒரு கண்ணாடி மேல வச்சு ஓரத்த சுத்திப் பாருங்க. நாலு பக்கமும் கண்ணாடிய தொடாது, ரெண்டு முனை தொட்டுக்கிட்டு நடு ஓரம் தூக்கிட்டு நிக்கும், விரலால தட்டுனா ஆடும். இப்ப நீங்க சப்பையான தகடு மேல வச்சு சுத்தி பெசல அமுக்குனா அந்தத் தூக்கி நிக்கிற இடத்துல கீழ தாங்க ஒண்ணும் இல்ல, மேலேருந்து அழுத்தம், டிக். அதனால உள்ள உக்கார்ற விளிம்ப, அதாவது கேமியோ சாய்ஞ்சு நிக்கிற அந்த உள்வளையத்த, சங்கோட வளைவுக்கு ஏத்த மாதிரி அரத்தால ராவி ராவி எடுக்கணும், வச்சுப் பாக்கணும், திரும்ப ராவணும். போர் அடிக்கிற வேலைதான், ஆனா கேமியோ கட்டுறதுல முக்கால்வாசி வேலை இதுதான்.

இப்படி வச்சுப் பாக்கும்போது உள்ள மாட்டிக்கிட்டு வராம அடம் பிடிக்கும், கத்தி முனைய விட்டு நெம்புனீங்கன்னா ஓரம் போச்சு. அதுக்கு ஒரு பழைய பட்டறை வித்தை, பல் இடுக்க சுத்தம் பண்ற நூல் இருக்கே அதுல ஒரு துண்டு எடுத்து பெசலுக்குக் குறுக்கால போட்டு அதுக்கு மேல கேமியோவ வைங்க, ரெண்டு முனையையும் சேர்த்துத் தூக்குனா பூ மாதிரி வெளிய வந்துரும்.

பெசலுக்கு 925 வெள்ளி எடுக்காதீங்க, அதுல 7.5 சதவீதம் செம்பு இருக்கு, விறைப்பா நிக்கும், மடக்க பலம் வேணும். சுத்த வெள்ளிப் பட்டி, 0.3 மில்லிமீட்டர் தடிமன் போதும், விரலாலயே வளையும். உயரமும் குறைவா வைங்க, ஓரத்த தாண்டி ஒரு மயிரிழை மேல வந்தா போதும், நிறைய பேர் பயத்துல உசரமா வச்சு அந்தப் பொண்ணோட தோள மூடிருறாங்க. பட்டியோட மேல் விளிம்ப ரம்பப் பல்லு மாதிரியோ அலை மாதிரியோ வெட்டிக்கிட்டா இன்னும் சுலபம், ஒவ்வொரு பல்லும் தனித்தனியா படியும், முழு வட்டமும் ஒண்ணா சுருங்க வேண்டியதில்ல. நகம் மாதிரி நாலு முனை வச்சுக் கட்டுறது வேணாம், நாலு புள்ளியில மொத்த அழுத்தமும் போயி உக்காரும்.

அப்புறம் வரிசை ரொம்ப முக்கியம். பத்தாசு வைக்கிறது (உலோகத்த உருக்கி ஒட்டுறது), கொக்கி வளையம் எல்லாம் ஒட்டுறது, ஆசிட் தண்ணியில போட்டு கருப்பு எடுக்கறது, சோடா தண்ணியில அலசி அந்த ஆசிட்ட முறிக்கறது, பாலிஷ், கருப்பேத்தறது, இது அத்தனையும் முடிஞ்சு சட்டம் நகையா முழுசா நின்னப்புறம் கடைசியிலதான் கேமியோ உள்ள போகணும். வெள்ளி பத்தாசுக்கு சாதாரணமா 700 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு வேணும், சங்கு அந்தச் சூட்டுல வெந்து வெளுத்து உதிரும், ஆசிட் தண்ணியில நுரைச்சுக் கரையும். "ஒரு சின்ன வளையம்தான் விட்டுப்போச்சு, ஓரமா டார்ச்ச காட்டி ஒட்டிக்கிறேன்"ங்கற ஆசை வரும், வந்தா கேமியோவ கழட்டிட்டு ஒட்டுங்க.

அமுக்கும்போது சுத்தியல் வேணவே வேணாம், பர்னிஷரால (மழமழன்னு முனை இருக்கற தேய்ப்புக் கருவி) மேல ஒரு இடம், எதிர்ல ஒரு இடம், இடது, வலதுன்னு மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா தடவுங்க. ஒரு பக்கத்துலேருந்து சுத்திட்டே வந்தா கடைசி மூலையில வெள்ளி மடிஞ்சு நிக்கும், அத அமுக்குறப்பதான் உடையும். உங்களுக்கும் அங்கதான் விரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

பின்பக்கத்த மூடிக் கட்டணுமா திறந்து கட்டணுமான்னு தனியா நாலு பேர் கேட்டிருக்காங்க. என் கட்சி திறந்து கட்டுறதுதான். வெளிச்சம் உள்ள போகும், அந்தப் பிரவுன் தேன் மாதிரி ஜொலிக்கும், நாளைக்கு யாராவது இது சங்கான்னு கேட்டா திருப்பிக் காட்டலாம், எண்ணெய் பூசவும் வழி இருக்கும். மூடிட்டா வியர்வையும் தண்ணியும் உள்ள போயி தங்கும். பசை போட்டு ஒட்டுறத பத்தி கேட்டவங்களுக்கு, வேணாம், அடுத்த தலைமுறையில ரிப்பேர் பண்றவங்க உங்கள திட்டுவாங்க.

கேள்வி: வெள்ளிய கருப்பாக்கி பழசு மாதிரி காட்டலாமா?

பதில்: தாராளமா, வெள்ளை முகத்துக்குப் பக்கத்துல பளபள வெள்ளிய விட கருத்த வெள்ளி நல்லா எடுக்கும். ஆனா கருப்பாக்குற கந்தகக் கரைசல் வேலைய கேமியோ வைக்கிறதுக்கு முன்னாடி முடிச்சிருங்க.

கேள்வி: அம்மாவோட ப்ரூச், தங்கச் சட்டம், ஊசி மட்டும் உடைஞ்சிருக்கு. எனக்கு வெள்ளிதான் பிடிக்கும், கழட்டி வெள்ளி பென்டன்டா மாத்திரலாம்னு ஆசாரிகிட்ட பேசிட்டேன்.

பதில்: பேச்ச வாபஸ் வாங்கிருங்க. சட்டமும் கேமியோவும் ஒண்ணா பொறந்து இத்தன வருஷம் ஒண்ணா இருந்திருக்கு, ஊசி உடைஞ்சதுக்கு ஊசிய மாத்துங்க, அது சின்ன வேலை. கழட்டுனா ரெண்டும் தனித்தனியா மதிப்பு குறையும், அத விட, பழைய சட்டத்த நெம்பிப் பிரிக்கறப்ப காஞ்சு போன சங்கு உடைய நல்ல வாய்ப்பு இருக்கு. பென்டன்டாதான் போடணும்னா ப்ரூச்ச செயின்ல மாட்டுற கொக்கி தனியா கிடைக்கும், ஊசிக்குப் பின்னாடி கோத்துக்கிட்டா போதும், எதையும் வெட்ட வேணாம். வெள்ளி ஆசை தீரணும்னா சட்டம் இல்லாத வேற துண்டு ஒண்ணு வாங்கிக்கோங்க.

கேள்வி: மோதிரமா கட்டலாமா?

பதில்: வேணாம். கை எங்கெல்லாம் இடிக்கும்னு ஒரு நாள் கவனிச்சுப் பாருங்க, அப்புறம் கேக்க மாட்டீங்க.

கேள்வி: நீலத்துல வெள்ளை முகம் இருக்கற ஒண்ணு வச்சிருக்கேன், என்ன சங்கு அது?

பதில்: சங்கே இல்ல, பெரும்பாலும் ஜாஸ்பர்ங்கற பீங்கான் வகை, இங்கிலாந்துல ஜோசையா வெட்ஜ்வுட் 1770கள்ல கொண்டு வந்தது. சப்பையா இருக்கும், மேல மெருகு இருக்காது, பின்னாடி கம்பெனி முத்திரை இருக்கான்னு பாருங்க. வெள்ளியில கட்ட சங்க விட இது சுலபம்.

கேள்வி: மூணு வருஷமா மரப்பெட்டியில பத்திரமா வச்சிருந்தேன், இப்ப திறந்தா கேமியோ மேல வெள்ளையா மாவு பூத்திருக்கு. பூஞ்சையா? எலுமிச்சை தண்ணியில கழுவலாமா? சிலிக்கா ஜெல் போடலாமா?

பதில்: எலுமிச்சை வேணாம், வினிகர் வேணாம், டூத் பேஸ்ட் வேணாம். புளிப்பு எது பட்டாலும் சங்கு கரையும், மூக்கும் உதடும்தான் முதல்ல மழுங்கும்.

அது பூஞ்சை மாதிரி தெரியும், ஆனா உயிர் உள்ளது இல்ல. மரத்துலேருந்து, முக்கியமா ஓக் மாதிரி மரத்துலேருந்தும் சில அட்டைப் பெட்டியிலேருந்தும், அசிட்டிக் ஆசிட் ஆவி மெதுவா வந்துட்டே இருக்கும், மூடி வச்ச பெட்டிக்குள்ள அது ஈரத்தோட சேர்ந்து சங்க அரிச்சு உப்பா பூக்கும். மியூசியத்துல சங்கு கலெக்‌ஷன் வச்சிருக்கறவங்களுக்கு இது பழைய தலைவலி, பைன் நோய்னு பேரு, முதல்ல இத பாக்டீரியானு நினைச்ச ஆள் பேர வச்சே கூப்பிடுறாங்க. அரிச்ச இடம் அரிச்சதுதான். மரப்பெட்டியிலேருந்து இன்னைக்கே வெளிய எடுங்க, மிருதுவான பிரஷ்ஷால மாவ தட்டுங்க, சாதாரணத் தண்ணியில ஒரு சொட்டு மைல்டு சோப்பு விட்டு துணிய நனைச்சுத் துடைச்சு, உடனே நல்லா காய விட்டு, குழந்தைக்குத் தடவுற மினரல் ஆயில் துளி எடுத்து விரலால மெல்லிசா பூசி கொஞ்ச நேரம் கழிச்சு ஒத்தி எடுத்துருங்க. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ இது போதும். சமையல் எண்ணெய் நாளாக நாளாக சிக்கு வாடை அடிக்கும்.

சிலிக்கா ஜெல்லுலதான் ஒரு சங்கடம் இருக்கு. வெள்ளிக்கு காஞ்ச காத்து பிடிக்கும், சங்குக்கு ரொம்பக் காஞ்சா விரிசல் விடும், ரெண்டையும் ஒரே நகையில கட்டி வச்சிருக்கோம். அதனால ஈரத்த உறிஞ்சுற பாக்கெட்ட விட்டுட்டு, கந்தகத்த மட்டும் பிடிக்கிற ஆன்டி டார்னிஷ் தாள் ஒரு துண்டோட பருத்தித் துணியில சுத்தி ஜிப் கவர்ல வைங்க. வெள்ளி கருத்தா பாலிஷ் துணியால வெள்ளிய மட்டும் தேய்ங்க. சில்வர் டிப் (வெள்ளிய முக்கி எடுக்கற கெமிக்கல்), அலுமினியம் ஃபாயில்-சோடா குளியல், அல்ட்ராசோனிக் கிளீனர், நீராவி, எதுவும் கேமியோ இருக்கற நகைக்கு ஆகாது. சென்ட்டும் ஹேர் ஸ்ப்ரேயும் அடிச்சு முடிச்சப்புறம் கடைசியா போட்டுக்கோங்க.

கேள்வி: வெளிச்சத்துல பார்த்தா என்னோடதுல ரெண்டு மெல்லிசு கோடு தெரியுது. உடைஞ்சிருமா?

பதில்: விரல் நகத்த அந்தக் கோட்டு மேல ஓட்டுங்க. நகத்துல தட்டலன்னா அது உள்கோடு, பழைய சங்குல சகஜம், பல வருஷம் அப்படியே கிடக்கும். நகத்துல தட்டுச்சுன்னா, இல்ல கோடு ஓரம் வரைக்கும் வந்திருந்துச்சுன்னா அது விரிசல், அதுக்குப் புதுக்கட்டு கட்டுறதா இருந்தா விரிசல் முடியற இடத்துல பெசல் பல்லு படாத மாதிரி டிசைன மாத்திக்கச் சொல்லுங்க.

கேள்வி: நானே கட்டி விக்கிறேன். பழைய கேமியோ, புது வெள்ளி. ஆன்டிக்னு போட்டு விக்கலாமா?

பதில்: கேமியோவுக்குப் போடலாம், நகைக்குப் போடக் கூடாது. பொதுவா 100 வருஷம் தாண்டுனதத்தான் ஆன்டிக்னு சொல்றது வழக்கம், உங்க கேமியோ அவ்ளோ பழசுன்னு தைரியமா சொல்ல முடிஞ்சா "ஆன்டிக் சங்கு கேமியோ, இப்ப கையால செஞ்ச 925 வெள்ளிச் சட்டம்"னு ரெண்டையும் பிரிச்சு எழுதுங்க, உறுதியில்லன்னா "பழைய கேமியோ"ன்னு நிறுத்திக்கோங்க. பெசல் சுத்த வெள்ளின்னா அதையும் எழுதுங்க. விரிசல், சில்லு, வெளுப்பு எது இருந்தாலும் பின்பக்கத்துலேருந்து வெளிச்சம் விட்டு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, வாங்குறவங்க முதல்ல கேக்கறதே அந்த போட்டோதான். சட்டத்துல 925 முத்திரையோட உங்க குறியையும் அடிச்சிருங்க, அதையும் கேமியோ உள்ள போறதுக்கு முன்னாடி.